போருக்குப் போகும் தலைமையகத்தில் ஆள் போதுமா என்று எப்படிப் பார்ப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். தரைப்படைத் தலைமையகங்களில் அதிகாரிகள் கூடுதல், குறைக்கிறார்கள் என்று ஒரு செய்தி படித்திருக்கிறீர்கள். அதிகாரிகளே போதவில்லை என்று இன்னொரு செய்தி. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும், தொண்ணூறு சதவீதம் ஆள் இருந்தால் ஒரு தலைமையகம் போருக்குத் தயார் என்று எழுதிவிடலாமா என்பது உங்கள் சந்தேகம். ‘தலைகளை எண்ணினால் போதுமா?’ என்றுதான் இதற்கு அர்த்தம். போதாது. ஏன் என்று சொல்ல முயல்கிறேன்.

நான் அதிகாரி இல்லை. 1986-இல் கிளார்க்காகச் சேர்ந்து, பிரிகேட், அதற்கு மேல் டிவிஷன், அதற்கும் மேல் கோர் என்று மூன்று மட்டத்திலும் தலைமையகங்களில் வேலை பார்த்து, 2014-இல் சுபேதாராக ஓய்வு பெற்றவன். படையை எப்படி நகர்த்துவது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆள் கணக்கு கேட்டால் சொல்வேன், அதைத் தினமும் காலையில் டைப் அடித்தவன் நான்தான். வெளிநாட்டுச் சங்கதிகள் ஓய்வுக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

அடிப்படையிலிருந்து வருவோம். ஒரு தலைமையகத்துக்கு எத்தனை பேர் என்பது அரசு அனுமதித்த பட்டியலில் இருக்கும். நம் படையில் அமைதிக்கால அமைப்புகளுக்கு பீஸ் எஸ்டாப்ளிஷ்மென்ட், களத்துக்குப் போகிறவற்றுக்கு வார் எஸ்டாப்ளிஷ்மென்ட். பட்டியலில் உள்ளது ஓர் எண். அதற்கு எதிராக போஸ்டிங் ஆகி வந்தவர்கள் இன்னோர் எண். இன்று காலை வேலைக்கு நிற்பவர்கள் மூன்றாவது எண். பத்திரிகையில் வரும் சதவீதம் பெரும்பாலும் முதல் இரண்டுக்கும் உள்ள உறவு. போருக்கு வேண்டியது மூன்றாவது. அதைக் காட்டும் தாளுக்கு பரேட் ஸ்டேட் என்று பெயர். படையில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் காலை ஆறு மணி டீயின் வாசனை வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்தத் தலைமையகத்தின் உண்மைக் கணக்கும் இல்லை, விளக்குவதற்காக நானே போட்டது. அனுமதி 40 அதிகாரிகள், போஸ்டிங்கில் 36. தொண்ணூறு சதவீதம், பிரமாதம். இதில் கோர்ஸில் 3, லீவில் 4, டெம்பரரி டியூட்டியில் 2, வேறு அலுவலகத்துக்கு அட்டாச்மென்ட் போனவர்கள் 3, மருத்துவத் தகுதி குறைந்து களத்துக்குப் போக முடியாதவர்கள் 2. மிச்சம் 22. நாற்பதுக்கு இருபத்திரண்டு என்றால் ஐம்பத்தைந்து சதவீதம். பயப்பட வேண்டாம், போர் மேகம் சூழ்ந்தால் லீவு ரத்தாகும், கோர்ஸ் கலையும், டெம்பரரி டியூட்டிக்காரர்கள் திரும்புவார்கள். மூன்று நாளில் 31 ஆகிவிடும். மருத்துவத் தகுதி குறைந்தவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள், அட்டாச்மென்ட் போனவர்களும் திரும்ப மாட்டார்கள். அப்படிப் போனவர்களைக் கடன் வாங்கிய அலுவலகமும் அதே போருக்குத்தானே தயாராகிக்கொண்டிருக்கும்? ஆகவே ‘எத்தனை சதவீதம்’ என்று கேட்பதைவிட ‘மூன்றாம் நாள் எத்தனை பேர்’ என்று கேட்பது மேல்.

அமெரிக்கத் தரைப்படை இதை மூன்று அளவுகோல்களால் பார்க்கிறது. களத்துக்குக் கிடைக்கக்கூடிய ஆட்கள் எத்தனை சதவீதம், அவர்களில் அந்தந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை, மேல் பதவிகளில் உரிய தரத்தில் ஆட்கள் எத்தனை. முதல் அளவில் தொண்ணூறும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம், எண்பதுகளில் இரண்டாம் தரம், எழுபதுகளில் மூன்றாம் தரம், அதற்குக் கீழே போனால் நான்காம் தரம். மூன்றில் எது மோசமோ அதுவே அந்த யூனிட்டின் ஆள் தரம். இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி விதி. சராசரி எடுத்து ஓட்டையை மூடவிடாது. ஆனால் இது ஒரு பட்டாலியனுக்குப் பொருந்துகிற அளவுக்குத் தலைமையகத்துக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. பட்டாலியனில் நூறு ரைபிள்மேனில் பத்து பேர் இல்லையென்றால் தொண்ணூறு பேர் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். தலைமையகத்தில் விமானப்படையோடு பேசுகிற ஆள் ஒருவர், பீரங்கிக் குண்டுக் கணக்குப் பார்க்கிறவர் ஒருவர், எதிரி வானொலியை மொழிபெயர்க்கிறவர் ஒருவர். அந்த ஒருவர் இல்லாவிட்டால் மிச்சம் முப்பத்தொன்பது பேரும் கைபிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதனால் தலைமையகத்தை இருக்கைகளால் எண்ண வேண்டும். போரில் ஆபரேஷன்ஸ் அறை தூங்காது. எட்டு இருக்கை என்று வையுங்கள்: ஆபரேஷன்ஸ், உளவு, பீரங்கி, விமானம், பொறியாளர், சிக்னல், சப்ளை, ஆள் கணக்கு. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்கு இருக்கைக்கு இருவர், ஆக 16. கமாண்டர் முன்னால் போகும்போது அவரோடு போகிற சிறிய முன்னணித் தலைமையகத்துக்கு (டாக் என்போம்) 6. பக்கத்து டிவிஷனிலும் மேல் தலைமையகத்திலும் போய் உட்கார்ந்து தகவல் சொல்லும் தொடர்பு அதிகாரிகள் 3. நாளை மறுநாளைப் பற்றி யோசிப்பவர்கள் 4. இவர்கள் ஷிஃப்டில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் யோசிக்க மாட்டார்கள். கூட்டினால் 29. நம்மிடம் மூன்றாம் நாள் 31 பேர் இருக்கிறார்களே, இரண்டு மிச்சம் என்று தோன்றும். அந்த 31-இல் மருத்துவம், சட்டம், கணக்கு, தளவாடம் என்று தனி வேலைக்காரர்கள் ஏழு பேர் இருப்பார்கள். அவர்களை ஆபரேஷன்ஸ் மேஜையில் உட்கார வைக்க முடியாது. இப்போது 24. காகிதத்தில் தொண்ணூறு சதவீதம் இருந்த தலைமையகத்துக்கு ஐந்து பேர் குறைகிறார்கள். அந்த ஐந்தும் ராத்திரி ஷிஃப்டில்தான் குறையும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். எந்தத் தலைமையகம், எந்த வருடம் என்று சொல்லப்போவதில்லை. ராஜஸ்தான் மணலில் ஒரு பெரிய எக்ஸர்சைஸ், அதாவது போர் ஒத்திகை, மூன்றாவது இரவு. கேமோஃப்ளாஜ் வலைக்குக் கீழே இரண்டு லாரிகளை முதுகோடு முதுகாக நிறுத்தி, நடுவில் கூடாரம் இழுத்து ஆபரேஷன்ஸ் அறை. ஆபரேஷன்ஸ் பிரிவில் இரண்டு அதிகாரிகள் இருக்க வேண்டும். ஒருவர் கமாண்டரோடு முன்னால் போய்விட்டார். இன்னொருவர் ஒரு மேஜர், கெட்டிக்காரர், நாற்பது மணி நேரமாகத் தூங்காதவர். இரவு இரண்டு மணிக்கு நான் டீ எடுத்துக்கொண்டு போனபோது மேப் மேல் விரித்திருந்த டால்க் என்ற கண்ணாடித் தாளில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கையில் அந்தத் தாளில் எழுதும் சைனாகிராஃப் மெழுகுப் பென்சில், கன்னத்தில் சிவப்புக் கோடு, அது எதிரியின் தற்காப்பு அரண் கோடு. லாக் புத்தகத்தில் ஒன்று பத்துக்கு ஒரு பதிவு: கால்வாய்ப் பாலம் திறந்தாயிற்று. சிக்னல் பையன் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறான். கடக்கக் காத்திருந்த டாங்க் ரெஜிமென்ட்டுக்கு அந்தச் செய்தி போனது மூன்று நாற்பதுக்கு. இரண்டரை மணி நேரம். நிஜப் போர் என்றால் விடியும்போது அந்த டாங்குகள் பாலத்துக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றிருக்கும், மேலிருந்து பார்ப்பவனுக்கு வசதியாக. அந்த வாரம் நான் டைப் அடித்த ஆள் நிலவரத்தில் எங்கள் தலைமையகம் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஆள் என்றதும் எல்லோரும் அதிகாரிகளை மட்டும் எண்ணுவது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். அதே எக்ஸர்சைஸில் பெரிய ஜெனரேட்டரைச் சரியாக ஓட்டத் தெரிந்த ஒரே ஆளுக்கு மஞ்சள் காமாலை. ஒரு நாள் முழுக்க ஆபரேஷன்ஸ் அறை பெட்ரோமாக்ஸில் நடந்தது. டிரைவர், சமையல்காரர், டிராஃப்ட்ஸ்மேன், காவல் பிளட்டூன் எல்லாம் சேர்ந்துதான் தலைமையகம். மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

இன்னொன்று, எத்தனை நாள் தாங்கும் என்பது. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 2001 டிசம்பரில் படைகளை எல்லைக்கு நகர்த்தித் தொடங்கிய ஆபரேஷன் பராக்ரம் மறு வருடம் அக்டோபர் வரை நீண்டது. அந்தப் பத்து மாதமும் நான் களத்தில் ஒரு தலைமையகத்தில் இருந்தேன். முதல் மாதம் யாரும் லீவு கேட்கவில்லை. நான்காவது மாதம் தங்கை கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், பையனுக்குப் பள்ளிக்கூட அட்மிஷன் என்று வரிசை கட்டியது. இருக்கைக்கு இருவர் என்ற கணக்கு சில வாரத்துக்குத்தான் செல்லும். மாதக்கணக்கில் என்றால் மூன்றாவது ஆள் வேண்டும்.

ஆள் இல்லாமல் போன தலைமையகம் என்ன ஆகும் என்பதற்கு, ஆவணங்களோடு வெளியே வந்த உதாரணம் ஈராக். 2003 ஜூனில் அங்கிருந்த பெரிய தரைப்படைக் கட்டளையகம் கிளம்பிவிட, ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கிலிருந்து வந்திருந்த அமெரிக்க ஐந்தாவது கோரின் தலைமையகத்தை அடித்தளமாக வைத்து சி.ஜே.டி.எஃப்-7 என்ற கூட்டுத் தலைமையகம் உருவானது. அப்போதுதான் லெப்டினன்ட் ஜெனரலான ரிக்கார்டோ சான்செஸ் அதன் கமாண்டர். டிவிஷன்களை நடத்துவதற்காக அமைந்த தலைமையகத்தின் தலையில் ஒரு நாட்டையே பார்த்துக்கொள்ளும் வேலை விழுந்தது: கிளர்ச்சியை அடக்குவது, இடைக்கால நிர்வாகத்தோடு ஒத்துழைப்பது, ஆயிரக்கணக்கான கைதிகளைப் பராமரிப்பது. ஜேம்ஸ் ஷ்லெசிங்கர் தலைமையிலான குழு 2004 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையின்படி, அந்தத் தலைமையகத்துக்கு அனுமதி 1,400 பேர். ஒரு கட்டத்தில் இருந்தவர்கள் 495. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. யார் யார் வேண்டும் என்ற பட்டியலுக்கே இறுதி ஒப்புதல் கிடைத்தது 2003 டிசம்பரில், வேலை தொடங்கி ஆறு மாதம் கழித்து. கேட்கவே இல்லாத ஆளை யார் அனுப்புவார்கள்? அந்த அக்டோபரில் அபு கிரைப் சிறையில் 7,000 பேர் வரை கைதிகள், காவலுக்குச் சுமார் 90 பேர். அங்கே நடந்த கொடுமைகளுக்கு ஆள் பற்றாக்குறைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அடித்தவன் அடித்ததற்கு அவனே பொறுப்பு. ஆனால் கீழே என்ன நடக்கிறது என்று கவனிக்க மேலே ஆள் இல்லை என்பது அந்த அறிக்கையைப் படித்தால் தெளிவாகத் தெரிகிறது. கடைசியில் 2004 மே மாதம் வேலையைப் பிரித்தார்கள்: அரசியலும் பெரிய திட்டமும் ஒரு தலைமையகத்துக்கு, அன்றாடச் சண்டை இன்னொன்றுக்கு.

நம் வரலாற்றில் இதற்கு இணை 1962. நேஃபாவில் (இன்றைய அருணாசலப் பிரதேசம்) சீனர்களை எதிர்கொள்ள நான்காவது கோர் என்று புதிதாக ஒன்றை அக்டோபர் 4-ஆம் தேதி தேஜ்பூரில் அமைத்தார்கள். அதுவரை தில்லியில் சீஃப் ஆஃப் ஜெனரல் ஸ்டாஃபாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் பி.எம். கௌல் கைக்குக் கிடைத்த சில அதிகாரிகளோடு விமானத்தில் வந்து இறங்கினார். வந்தவர் தலைமையகத்தைக் கட்டாமல் நாம்கா சூ ஆற்றை நோக்கி நேரே முன்னால் போய்விட்டார். பத்தாம் தேதி முதல் மோதல். பதினெட்டாம் தேதிவாக்கில் உடம்புக்கு முடியாமல் அவரையே தில்லிக்குக் கொண்டுபோனார்கள். இருபதாம் தேதி சீனர்கள் இறங்கினார்கள். அமைத்த நாளுக்கும் போருக்கும் நடுவே பதினாறு நாள். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகவே எங்களுக்கு ஒரு மாதம் ஆகும்.

இதை வைத்து ‘ஆள் குறைந்தால் தோல்வி’ என்று சூத்திரம் போட்டுவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1971 வங்கதேசப் போரில் கிழக்கே 101 கம்யூனிகேஷன் ஸோன் ஏரியா என்று ஒரு தலைமையகம். பெயரே சொல்கிறது, அதன் வேலை சப்ளையும் போக்குவரத்தும். சண்டை நடத்துவதற்கு அமைத்ததில்லை. அதை வடக்கு முனையில் போர்த் தலைமையகமாக்கினார்கள். போர் தொடங்கிய சில நாளில் அதன் கமாண்டர் மேஜர் ஜெனரல் குர்பக்ஸ் சிங் கில் கண்ணிவெடியில் காயமடைந்தார். மேஜர் ஜெனரல் நாக்ரா அந்த இடத்துக்கு வந்தார். டிசம்பர் 11 அன்று டாங்காயிலில் பாராசூட்டில் இறங்கிய இரண்டாவது பாரா பட்டாலியனோடு சேர்ந்து, டிசம்பர் 16-இல் டாக்கா வாசலில் முதலில் போய் நின்றது அந்தப் படைதான். எப்படி முடிந்தது? 1962-இல் பதினாறு நாள் கிடைத்தது, 1971-இல் ஏப்ரல் தொடங்கி ஏழெட்டு மாதம் கிடைத்தது. ஆளைச் சேர்க்கவும் பழகவும் ஒத்திகை பார்க்கவும் நேரம் இருந்தது. அதோடு அந்தப் பக்கம் எதிரியும் மெலிந்திருந்தான். எது எவ்வளவு பங்கு என்று பிரிக்க என்னால் முடியாது. நேரம் பெரிய பங்கு என்பது என் ஊகம்.

‘அமைதிக் காலத்தில் குறைவாக வைத்துக்கொண்டு, போர் வரும்போது வெளியிலிருந்து நிரப்பிக்கொண்டால் என்ன?’ என்று நீங்கள் கேட்கக்கூடும். எல்லாப் படைகளும் ஓரளவு அப்படித்தான் செய்கின்றன. நேட்டோவில்கூட அமைதிக்கால எண்ணிக்கை வேறு, நெருக்கடிக்கால எண்ணிக்கை வேறு. அமெரிக்கர்கள் 2013-இல் பெரிய தலைமையகங்களைக் குறைக்க முடிவு செய்தார்கள். பாதுகாப்பு அமைச்சர் ஹேகல் சொன்னது இருபது சதவீதம், தரைப்படைத் தளபதி ஒடியர்னோ வைத்துக்கொண்ட இலக்கு இருபத்தைந்து. டிவிஷன், கோர் தலைமையகங்களில் விழுந்த அந்த ஓட்டையை நேஷனல் கார்டிலும் ரிசர்விலும் தனிப் பிரிவுகள் அமைத்து அடைத்தார்கள். மாதம் ஒரு வாரக் கடைசி, வருடத்துக்கு இரண்டு வாரம் பயிற்சிக்கு வருபவர்கள். காகிதத்தில் கணக்கு நேராகிவிடும். நான் பார்க்கச் சொல்வது வேறு: நிரப்ப வருகிற ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் எழுதியிருக்கிறதா, அந்த ஆள் அதே நாற்காலியில் ஒரு முறையாவது உட்கார்ந்திருக்கிறாரா, இன்னொரு பட்டியலிலும் அதே பெயர் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டு தாண்டிவிடாதீர்கள். ஒரே கேப்டனின் பெயர் மூன்று தலைமையகங்களின் அவசரப் பட்டியலில் இருந்ததை நானே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் படித்த இரண்டு செய்திகளுக்கு வருகிறேன். 2019-இல் தில்லி தரைப்படைத் தலைமையகத்திலிருந்து 206 அதிகாரிகளைக் களப் படைகளுக்கு அனுப்ப அரசு ஒப்புதல் தந்தது. அதில் 186 பேர் லெப்டினன்ட் கர்னல், மேஜர் பதவியில் இருப்பவர்கள். 2023-இல் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கில் தரைப்படையில் எட்டாயிரத்துக்கு மேல் அதிகாரிகள் குறைவு. இரண்டும் மோதவில்லை. தில்லித் தலைமையகம் கட்டடத்தோடு இருப்பது, களத்துக்கு நகராது. நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் நகரும் தலைமையகங்களுக்கு. ராத்திரி ஷிஃப்டில் உட்காருவது மேஜர்களும் லெப்டினன்ட் கர்னல்களும்தான். அவர்களைத் தில்லியிலிருந்து களப்பக்கம் தள்ளியது சரியான திசை என்றே நினைக்கிறேன். ஆனால் ‘தலைமையகம் என்றாலே கொழுப்பு’ என்று டிவிஷன், கோர் மட்டத்திலும் அதே கத்தியை வைத்தால், அங்கே வெட்டுப்படுவது அந்த ஐந்து ராத்திரி நாற்காலிகள்.

இதுவரை சொன்னதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இனி சொல்வதில் உண்டு. ஒரு தலைமையகம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதையே உக்ரைன் போர் குழப்பிவிட்டது. கெர்சன் அருகே சோர்னோபாயிவ்கா விமானத் தளத்தில் இருந்த ரஷ்யக் கட்டளையிடங்களை 2022-இல் உக்ரைன் திரும்பத் திரும்ப அடித்தது. ஆன்டெனாவும் லாரியும் ஓரிடத்தில் குவிந்தால் ட்ரோன் கண்ணுக்குத் தப்பாது. அதனால் சிறியதாக்கு, பிரித்து வை, பின்னாலிருந்து கம்பிவழி வேலை பார் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் ஒன்றை நான்காகப் பிரித்தால் நான்குக்கும் காவல், ஜெனரேட்டர், சிக்னல், டிரைவர் வேண்டும். மொத்த ஆள் கூடுமா குறையுமா என்பதில் விவரம் தெரிந்தவர்களே ஒத்துப்போகவில்லை. கம்ப்யூட்டர் வந்தால் ஆள் குறையும் என்பதையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. டைப்ரைட்டரில் ஐந்து கார்பன் வைத்து அடித்த காலத்தில் ஒரு ரிப்போர்ட்டை ஒரு முறைதான் கேட்பார்கள். மெயில் வந்தபிறகு ஆறு முறை கேட்டார்கள், ஆறு வெவ்வேறு வடிவத்தில். அடுத்து வருகிற மென்பொருள்கள் இதை மாற்றலாம். நான் வெளியே வந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது.

அந்த எக்ஸர்சைஸுக்குப் பிறகு எங்கள் கமாண்டர் ஒரு காரியம் செய்தார். பரேட் ஸ்டேட்டின் வலது ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஒரு கட்டம் போடச் சொன்னார், தலைப்பு ‘இரவு’. ஒவ்வோர் இருக்கைக்கும் அன்றிரவு இரண்டு மணிக்கு யார் உட்காருவார் என்று பெயர் எழுத வேண்டும், பெயர் இல்லையென்றால் சிவப்பில் சுழி. முதல் நாள் பதினொரு சுழி. வாரா வாரம் குறைந்து, நான்கு மாதத்தில் இரண்டுக்கு வந்தது. ஆள் புதிதாக ஒருவர்கூட வரவில்லை. அட்டாச்மென்ட் போனவர்களைச் சண்டை போட்டுத் திரும்ப வரவழைத்தார், இரண்டு கேப்டன்களுக்குப் பக்கத்து மேஜை வேலையைக் கற்றுக்கொடுத்தார். மறு வருடம் அவருக்கு மாற்றலாகிவிட்டது. புதிதாக வந்தவர் முதல் நாள் தாளைப் பார்த்து, ‘இது எந்த ஃபார்மில் இருக்கிறது, சாப்?’ என்று கேட்டார். அச்சடித்த ஃபார்மில் அந்தக் கட்டம் இல்லை என்று சொன்னேன். ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, புதிதாக அடித்துக் கையெழுத்துக்கு வைத்தேன்.